தற்காப்பு வரிசையிலிருந்து பயிற்றுநர் பொறுப்புக்கு: கேசி ஸ்டோனி கடந்து வந்த பாதை

பள்ளிக் காற்பந்துக் குழுவில் நன்றாக ஆடும் பெண் பிள்ளையிடம் வீட்டில் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "பந்தை உதைச்சு என்ன ஆகப்போற?" கோல் அடிக்கும் பிள்ளைக்காவது பெயர் கிடைக்கும். பின்வரிசையில் நின்று கோலைத் தடுக்கும் பிள்ளையைப் பலர் கவனிப்பதே இல்லை.

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தின் கேசி ஸ்டோனியின் வாழ்க்கை ஒரு பதிலைத் தருகிறது. தற்காப்பு ஆட்டக்காரராக 130 அனைத்துலக ஆட்டங்களில் களமிறங்கிய அவர், 2025 ஜனவரியில் கனடா தேசிய மகளிர் அணியின் தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார்.

காத்திருந்த ஆண்டுகள்

1982-இல் பிறந்த ஸ்டோனி, 2000-இல் இங்கிலாந்து அணிக்கு முதன்முறையாக ஆடினார். ஆனால் உடனே நிலையான இடம் கிடைத்துவிடவில்லை. 2005 ஐரோப்பியக் கிண்ணப் போட்டி சொந்த நாட்டிலேயே நடந்தது. அணியில் பெயர் இருந்தும் அவர் ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறக்கப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2007 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தின் எல்லா ஆட்டங்களிலும் அவர் ஆடினார்.

அதே 2007-இல் இன்னோர் அடி விழுந்தது. அவர் ஆடிய சார்ல்டன் கிளப்பின் ஆண்கள் அணி பிரிமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் கிளப் நிர்வாகம் முதலில் கைவைத்தது மகளிர் அணியில்தான். 2005-இல் எஃப்ஏ கிண்ணத்தை வென்ற அணி அது. ஆண்கள் தோற்றதற்குப் பெண்கள் விலை கொடுத்தார்கள்.

ஸ்டோனி செல்சிக்கு மாறினார். 2009-இல் அங்கு பயிற்றுநர் விலகியபோது, பருவம் முடியும் வரை ஆட்டக்காரர், பயிற்றுநர் ஆகிய இரு பொறுப்புகளையும் அவரே ஏற்றார். அப்போது அவருக்கு வயது 26. பயிற்றுநர் வாழ்க்கையின் முதல் பாடம் அங்கே தொடங்கியது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் மகளிர் அணிக்கு அவரே தலைவி. வெம்பிளி திடலில் 70,000-க்கும் அதிகமான இரசிகர்கள் முன்னிலையில் அவரது அணி பிரேசிலை 1-0 என வென்றது. காலிறுதியில் 0-2 எனத் தோற்று வெளியேறியது. அன்று வென்ற நாடு கனடா. பிற்காலத்தில் அவரைத் தேடி வந்ததும் அதே கனடாதான்.

தற்காப்பு ஆட்டக்காரரின் கண்

தற்காப்பில் நிற்பவருக்கு ஆட்டம் முழுவதும் கண்முன் விரிகிறது. எதிரணி எந்தப் பக்கம் திரள்கிறது, தன் அணியில் யார் இடம் மாறி நிற்கிறார், வரிசையை எப்போது முன்னே நகர்த்தி எதிராளியை ஆஃப்சைடில் சிக்க வைப்பது என்று நொடிக்கு நொடி கணக்குப் போட வேண்டும். குரல் கொடுத்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். திடல் ஓரத்தில் நின்று பயிற்றுநர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

இந்த வழியில் வந்தவர் ஸ்டோனி மட்டுமல்லர். பிரான்சுக்காக 121 ஆட்டங்கள் ஆடிய கொரின் டியாக்கர், 2014-இல் கிளேர்மோன் ஆண்கள் கிளப்பின் பயிற்றுநராகி, பின்னர் பிரான்சு மகளிர் அணியை வழிநடத்தினார். ஜெர்மனிக்காக 111 ஆட்டங்கள் ஆடிய ஸ்டெஃபி ஜோன்ஸ் தம் நாட்டு அணிக்கே பயிற்றுநரானார். இருவரும் தற்காப்பு ஆட்டக்காரர்கள்.

7 கோல் மட்டுமே

2018-இல் ஓய்வு பெற்ற ஸ்டோனியிடம் மென்செஸ்டர் யுனைடெட் ஒரு பெரிய பொறுப்பை ஒப்படைத்தது. 2005-இல் மகளிர் அணியைக் கலைத்துவிட்ட அந்தக் கிளப், 13 ஆண்டுகளுக்குப் பின் புதிய அணியைத் தொடங்கியது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது முதல் எல்லாமே புதிதாகச் செய்ய வேண்டிய நிலை.

முதல் பருவத்திலேயே அணி இரண்டாம் பிரிவு லீக்கை வென்றது. 20 ஆட்டங்களில் அடித்தது 98 கோல். விட்டது 7 மட்டுமே. அந்த 7 என்ற எண்ணில் தற்காப்பு ஆட்டக்காரரின் முத்திரை தெரிகிறது.

2021-இல் அங்கிருந்து விலகி, அமெரிக்காவின் சான் டியேகோ வேவ் என்ற புதிய கிளப்பைக் கட்டியெழுப்பினார். 2022-இல் அந்நாட்டு மகளிர் லீக்கின் சிறந்த பயிற்றுநர் விருது அவருக்குக் கிடைத்தது. 2023-இல் லீக் பட்டியலில் அணி முதலிடம் பிடித்தது. ஆனாலும் மறு ஆண்டு முடிவுகள் சரியில்லாதபோது, 2024 ஜூனில் கிளப் அவரை நீக்கியது. ஏழு மாதங்களில் கனடா அழைத்தது.

நம் பிள்ளைகளுக்கு என்ன வழி?

மலேசியாவுக்கு மகளிர் காற்பந்து புதிதல்ல. 1975-இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசிய மகளிர் போட்டியில் நம் நாடு நான்காம் இடம் பெற்றது. துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணப் போட்டி 1976-இல் தொடங்கியது. தற்காப்பு ஆட்டத்துக்குப் பெயர் பெற்ற சோ சின் ஆன் மலாக்கா மண்ணின் மைந்தர்.

ஒரு காலத்தில் தோட்டம் என்றால் திடலும் குழுவும் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகர் என்று குடிபெயர்ந்தபோது பல குழுக்களும் கலைந்தன. குழு கலைந்தால் ஆட்டமும் முடிந்தது என்று பெண் பிள்ளைகள்தான் முதலில் ஒதுங்கிவிடுகிறார்கள். சார்ல்டன் கலைந்தபோது ஸ்டோனி ஒதுங்கவில்லை. வேறு கிளப்பைத் தேடிப் போனார்.

பயிற்றுநராவதற்கும் முறையான படிகள் உண்டு. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சான்றிதழ்கள் சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக உயர்கின்றன. விளையாடும் வயதிலேயே முதற்படியில் கால் வைக்கலாம். பயிற்சி வகுப்புகள் பற்றி மாநிலக் காற்பந்துச் சங்கத்திடம் விசாரிக்கலாம்.

பள்ளிக் குழுவின் பின்வரிசையில் நின்று சத்தம் போட்டு மற்றவர்களை நகர்த்தும் பெண் பிள்ளை இருந்தால், பெற்றோரும் ஆசிரியரும் அவளைக் கவனிக்கட்டும். ஐந்தாம் படிவம் முடிந்ததும் காலணியைக் கழற்றி வைக்கச் சொல்வதற்கு முன், இப்படியொரு படிப்பும் தொழிலும் இருப்பதை அவளிடம் சொல்லலாம்.