கண்டிக்கு வந்த மதுரைப் பெண்கள்

கடந்த வருடம் செட்டிகுளத்திலிருந்து எமது மாதர் சங்கச் சகோதரிகளோடு கண்டிக்குச் சென்றிருந்தேன். தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள நூதனசாலை முன்னர் அரசனின் ராணிமார் வாழ்ந்த கட்டிடம் என்று சொன்னேன். "ஆர் மிஸ் அந்த ராணிமார்? எந்த ஊர்ப் பொம்பிளையள்?" என்று கேட்டார் ஓர் அம்மா. மதுரைப் பக்கத்துப் பெண்கள் என்றதும் பலர் நம்பவில்லை. அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அரைகுறையாக விட்ட கதையை இங்கே எழுதுகின்றேன்.

கண்டியைக் கடைசியாக ஆண்ட நான்கு அரசர்களும் நாயக்கர் வம்சத்தவர்கள். 1739 முதல் 1815 வரை 76 வருடங்கள் ஆண்டார்கள். இது படையெடுத்து வந்து பிடித்த அரசு அல்ல; பெண் கொடுத்ததால் வந்த அரசு. கண்டி அரசனின் பட்டத்து ராணி அரச குலத்தவளாக இருக்கவேண்டும் என்பது வழக்கம். ஆகவே மதுரை நாயக்கர் உறவினரிடம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள். மணப்பெண்ணோடு அவளது உறவினரும் கடல் கடந்து வந்து கண்டியிலேயே தங்கினார்கள். இவர்கள் தெலுங்கு வழி வந்தவர்கள். ஆனாலும் தமிழ் அவர்களுக்கு அந்நியமல்ல.

1739 இல் வீர நரேந்திரசிங்கன் இறந்தபோது ராணிக்குப் பிள்ளை இல்லை. கண்டியப் பெண்ணொருத்தியிடம் அவனுக்கு ஒரு மகன் இருந்தான். அவனை விட்டுவிட்டு, ராணியோடு வந்த அவளுடைய சகோதரனைச் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். அவனே ஸ்ரீ விஜய ராஜசிங்கன். 1747 இல் அவனும் பிள்ளையின்றி இறக்க, அவனுடைய ராணியின் சகோதரன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரசனானான். அவனுக்குப் பிறகு அவன் தம்பி. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோ, கண்ணுசாமி என்ற இயற்பெயருடையவன், ராணியொருத்தியின் சகோதரி மகன். பெண்ணின் கையைப் பிடித்தே முடி கைமாறியிருக்கிறது. ஆனால் பள்ளிப் புத்தகத்தில் எங்கள் பிள்ளைகள் பாடமாக்குவது அரசர்களின் பெயர்களை மட்டுந்தான்.

ரோமாபுரியிலும் இப்படி நடந்ததுண்டு. செவேரு வம்சத்தில் ஜூலியா மேசா என்ற பாட்டி கி.பி. 218 இலும் 222 இலும் தன் பேரன்மார் இருவரை அடுத்தடுத்துச் சக்கரவர்த்தியாக்கினாள்.

கீர்த்தி ஸ்ரீ 35 வருடங்கள் ஆண்டான். 1753 இல் சீயம் நாட்டிலிருந்து வந்த பிக்குகளைக் கொண்டு பௌத்த சங்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தான். அப்படியிருந்தும் திருநீறு பூசுகிறவன் என்று 1760 இல் அவனைக் கொல்லச் சதி செய்தவர்கள் இருந்தார்கள். மணம் முடித்து வந்த வீட்டில் எத்தனை வருடம் உழைத்தாலும் 'வந்தவள்' என்ற சொல் போவதில்லையே, அதுபோலத்தான்.

கடைசி அரசன் காலத்துக்கு வருவோம். முதல் மந்திரி எஹலேபொல 1814 இல் கலகம் செய்து, தோற்று, ஆங்கிலேயரிடம் ஓடினான். அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் அரசனின் கையில் இருந்தார்கள். தாயின் கண்முன்னே பிள்ளைகளின் தலைகள் வெட்டப்பட்டன. மூத்தவன் பயந்து தாயைக் கட்டிக்கொள்ள, இளையவன் மத்தும பண்டார முன்னே சென்று கழுத்தைக் கொடுத்தான் என்பார்கள். பின்னர் தாயைப் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்திக் கொன்றார்கள். இதை நான் சொன்னபோது எங்களில் பலர் பேசாமல் நின்றார்கள். பிள்ளைகளை யுத்தத்தில் தொலைத்த தாய்மாரும் எங்களோடு வந்திருந்தார்கள்.

அடுத்த வருடமே முறை மாறியது. 1815 பெப்ரவரி 18 ஆம் திகதி மெதமகாநுவரப் பக்கத்தில் ஒளிந்திருந்த அரசன் பிடிபட்டான். பிடித்தவர்கள் ஆங்கிலச் சிப்பாய்கள் அல்லர், எஹலேபொலவின் ஆட்கள். கூட இருந்த ராணிமாரின் காதணிகளை அறுத்தெடுத்தார்கள். காது கிழிந்து இரத்தம் ஓடியது. ராணி ரங்கம்மாளுடையது என்று சொல்லப்படும் இரத்தக் கறை படிந்த சட்டை கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. மந்திரி செய்த கலகத்துக்கு அவன் மனைவி கணக்குக் கொடுத்தாள். அரசன் செய்த கொடுமைக்கு அவன் ராணிமார் கொடுத்தார்கள்.

மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைவர்கள் சிலர் அதில் தமிழ் எழுத்திலும் ஒப்பமிட்டார்கள். அரசனின் ஆண் உறவினர் எவரும் அனுமதியின்றிக் கண்டி நாட்டில் கால் வைக்கக்கூடாது என்று அதில் எழுதப்பட்டது. 1816 ஜனவரியில் அரசனையும் ராணிமாரையும் கொழும்பில் கப்பலேற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு அழைத்து வந்த அதே கடல். இப்போது கைதிகளாகப் போனார்கள்.

வேலூர்க் கோட்டையில் அவர்களை வைத்தார்கள். அங்கே அரசனுக்கு ஒரு மகன் பிறந்தான். 1832 ஜனவரி 30 ஆம் திகதி அரசன் இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் அவனது சமாதி இருக்கிறது. முத்து மண்டபம் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.