குகை இல்லாத ஊரிலும் பயிற்சி வேண்டும்

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளத்தால் சிக்கிக்கொண்டனர். ஜூலை 2-இல் அவர்களைக் கண்டுபிடித்த ரிக் ஸ்டான்டன் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் தீயணைப்பு வீரர். உடன் சென்ற ஜான் வொலாந்தன் கணினித் துறையில் பணியாற்றியவர். மயக்க மருந்து அளித்துச் சிறுவர்களை வெளியேற்ற உதவிய ரிச்சர்ட் ஹாரிஸ் ஆஸ்திரேலிய மருத்துவர். குகை முக்குளிப்பு அவர்களின் பிழைப்பு அல்ல. ஓய்வு நேரத்தில் விடாமல் பழகிய கலை. அதே குகையில் தாய்லாந்து கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான் உயிரிழந்ததை எண்ணினால் இதன் ஆபத்து விளங்கும்.

கடலில் இடர் நேர்ந்தால் மேலே எழலாம். குகையிலோ தலைக்கு மேல் பாறை. அடியில் படிந்த வண்டல் கலங்கினால் விளக்கும் பயன்படாது. வழிகாட்டும் கயிறு ஒன்றே துணை. அதனால்தான் உள்ளே செல்ல மூன்றில் ஒரு பங்கு காற்று, திரும்ப ஒரு பங்கு, இடருக்கு ஒரு பங்கு என்ற விதி. விதி நினைவில் இருந்தால் போதாது; கையும் பழகியிருக்க வேண்டும்.

அதற்குக் குகை அருகில் இருக்க வேண்டியதில்லை. மரங்களுக்கிடையே கயிறு கட்டிக் கண்ணை மூடி நடக்கலாம். நீச்சல் குளத்தில் முகக்கண்ணாடியை மறைத்துக்கொண்டு, கயிற்றைத் தடவிச் செல்லவும், காற்றைப் பகிரவும், உருளையின் அடைப்பானைத் திருகவும் பழகலாம். தாய்லாந்திலும் மீட்புக்கு முன் உள்ளூர்ச் சிறுவர்களைக் கொண்டு பள்ளி நீச்சல் குளத்தில் ஒத்திகை பார்த்தனர். ஆயினும், குளம் குகையாகாது. நீண்ட இடைவெளிக்குப் பின் செல்பவர், அனுபவசாலியின் துணையோடு எளிய குகையிலிருந்தே தொடங்க வேண்டும்.

அண்ணாமலை நகரைச் சுற்றி வயலும் வண்டலும் கழிமுகமுமே உண்டு. நமக்கேன் இது என்று தோன்றலாம். மேகாலயத்தில் 2018 டிசம்பரிலும், அஸ்ஸாமின் உம்ராங்சோவில் 2025 ஜனவரியிலும் நிலக்கரிச் சுரங்கங்களில் வெள்ளம் புகுந்தபோது, கடலில் பழகிய கடற்படை முக்குளிப்பு வீரர்களே இருண்ட நீருக்குள் இறங்க வேண்டியிருந்தது. வெள்ளத்தில் கலங்கிய கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் தேடுபவருக்கும் கண் உதவாது, கைதான் கண்.

2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என அடுத்தடுத்து அடிபட்டது கடலூர் மாவட்டம். இங்குள்ள தீயணைப்புத் துறையினருக்கும் கடலோர இளைஞர்களுக்கும் கண்மறைத்த நீர்ப்பயிற்சியை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் கட்டாயமாக்க வேண்டும். வெள்ளம் வந்தபின் கற்றுக்கொள்ள அவகாசம் இருக்காது.