தோலுக்குள் ஏற்றும் ஊசியும் பிற ஊசிகளும்

கமக்காரரின் மாடுகளுக்கு ஏற்றப்படும் ஊசிகள் யாவும் ஒரே வகையின அல்ல. மருந்து உடலின் எவ்விடத்தில் விடப்படுகின்றது என்பதைப் பொறுத்து அதன் வேகமும் பயனும் வேறுபடும்.

நாளத்தினுள் ஏற்றும் மருந்து உடனே இரத்தத்தோடு கலக்கும். கன்றீன்ற பசு பாற்காய்ச்சலால் எழ முடியாது கிடக்கும்போது கல்சிய மருந்து பெரும்பாலும் இவ்வாறே ஏற்றப்படும். விரைவாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஆதலால் இது மிருக வைத்தியரே செய்யவேண்டிய வேலை. தசையினுள் ஏற்றும் மருந்து அதனிலும் மெதுவாகப் பரவும். தளர்ந்த தோலை இழுத்துப் பிடித்து அதன் கீழ் விடும் மருந்து, பொதுவாக இன்னும் மெதுவாக உறிஞ்சப்படும்.

தோலுக்குள் ஏற்றும் ஊசி இம்மூன்றிலும் வேறானது. ஊசிமுனை தோலைக் கடந்து செல்லாது அதன் தடிப்பினுள்ளேயே நிற்கும். மருந்தின் அளவும் ஏறக்குறைய 0.1 மில்லிலீற்றர், அதாவது இரண்டு துளி மாத்திரமே. பிறந்த குழந்தையின் கையில் ஏற்றப்படும் பீ.சீ.ஜீ. ஊசியும் இவ்வகையினதே.

மாடுகளில் சயரோகத்தைக் கண்டறிவதற்கு ரியூபர்க்குலின் என்னும் பொருள் இம்முறையில் ஏற்றப்படும். இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று. நோய் உண்டோ என அறியும் சோதனையாகும். கழுத்தின் மயிரைக் கத்தரித்து, தோல் மடிப்பின் தடிப்பை அளந்தபின் ஊசி ஏற்றப்படும். உடனே பட்டாணியளவு வீக்கம் கைக்குத் தென்படுமாயின் ஊசி சரியான இடத்தில் ஏறியுள்ளது. மருந்து தோலின் கீழ் இறங்கிவிட்டால் சோதனையை நம்ப இயலாது.

72 மணித்தியாலத்தின் பின் தடிப்பு மீண்டும் அளக்கப்படும். அது 4 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் நோய்த் தொற்று உண்டெனக் கொள்ளப்படும். ஆகவே கமக்காரர் மூன்றாம் நாள் மாட்டைத் தவறாது காட்டுதல் வேண்டும். அதுவரை அவ்விடத்தைத் தேய்த்தலும், மஞ்சளோ எண்ணெயோ பூசுதலும் ஆகா. சோதனையை உடனே திரும்பச் செய்தலும் பயனற்றது. ஆறு வாரமாவது கழியவேண்டும்.

தொற்றுள்ள மாடு வெளித்தோற்றத்திற்குக் கொழுத்தும் நலமாகவும் இருக்கலாம். எனினும் அதன் காய்ச்சாத பால் வீட்டுக் குழந்தைகளுக்கு நோயைக் கொடுக்கும். தொற்றுக் கண்ட மாட்டை உடனே பிரித்துக் கட்டி, மிருக வைத்தியரின் சொற்படி நடத்தல் வேண்டும். எம்மாட்டின் பாலாயினும் பொங்கக் காய்ச்சியே பருகுதல் வேண்டும்.