உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கான ஒழுக்க நெறிகள்: அதபுல் காழி மரபின் ஒளியில்

மனிதரிடம் ஒப்படைக்கப்படும் அமானிதங்களுள் தீர்ப்பு வழங்கும் பொறுப்பு மிகக் கனமானது. காழிகள் மூவகையினர், அவர்களுள் ஒரு வகையினரே சுவனத்திற்குரியவர் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உண்மையை அறிந்து அதன்படி தீர்ப்பளித்தவர் தப்பினார். அறிந்தே வழுவியவரும், அறியாமையோடு தீர்ப்பளித்தவரும் அழிந்தனர். இந்த எச்சரிக்கையின் கனத்தை உணர்ந்தே முற்கால அறிஞர் பலர் காழிப் பதவியை ஏற்கத் தயங்கினர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அப்பதவியை மறுத்தமைக்காகத் தண்டிக்கப்பட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

இன்றைய நீதியமைப்பில் கீழ் நீதிமன்றம் தவறினால் திருத்துவதற்கு உயர் நீதிமன்றம் உண்டு. உயர் நீதிமன்றம் தவறினால் உச்ச நீதிமன்றம் உண்டு. உச்ச நீதிமன்றத்திற்கு மேல் நாட்டில் வேறு மன்றம் இல்லை. அங்கு அமர்ந்திருக்கும் ஒருவரின் நடத்தை குறித்து ஐயம் எழுமானால், அதனைக் கேட்பவர் யார்? தீர்ப்பவர் யார்? இந்தியாவும் பிற நாடுகளும் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும், 'அதபுல் காழி' எனப்படும் நீதிபதி ஒழுக்கவியல் மரபு இதில் நமக்கு என்ன கற்பிக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தியாவின் பதினாறு நெறிகள்

1997 மே 7 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் கூடி, நீதித்துறை வாழ்வின் விழுமியங்களை எடுத்துரைக்கும் ஆவணம் ஒன்றை ஏற்றனர். அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவர் ஜே. எஸ். வர்மா. அந்த ஆவணத்தில் பதினாறு நெறிகள் உள்ளன. நீதிபதி தம் குடும்பத்தைச் சேர்ந்த வழக்கறிஞரைத் தம்முன் வாதாட அனுமதிக்கலாகாது. தாம் வாழும் இல்லத்தை அவர்கள் தொழிலுக்குப் பயன்படுத்த விடலாகாது. உறவினரோ நண்பரோ சம்பந்தப்பட்ட வழக்கைக் கேட்கலாகாது. தாம் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் வழக்காயின், அதனை வெளிப்படுத்தி, எவரும் ஆட்சேபிக்காத நிலையிலேயே விசாரிக்கலாம். அரசியல் விவகாரங்களில் பொதுமேடைக் கருத்துரைத்தல், பங்குச் சந்தைச் சூதாட்டம், வணிகம், நிதி திரட்டல் ஆகியவை விலக்கப்பட்டன. குடும்பத்தினர், நெருங்கிய உறவினர், நண்பர் தவிர வேறெவரிடமும் அன்பளிப்போ விருந்தோ பெறலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. மக்களின் பார்வை தம்மீது எப்போதும் பதிந்திருக்கிறது என்ற உணர்வோடு நீதிபதி வாழவேண்டும் என்பது இறுதி நெறி.

இந்த நெறிகளுள் பெரும்பாலானவை குற்றத்தைத் தண்டிக்க எழுந்தவையல்ல. இலஞ்சம் வாங்குவதைத் தடுக்கத் தனிச் சட்டம் ஏற்கெனவே உள்ளது. நேர்மையான நீதிபதியின்மீதும் ஐயத்தின் நிழல் விழாதிருக்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். தோற்ற வழக்காளி, 'சட்டம் எனக்கு எதிராக இருந்தது' என்ற எண்ணத்தோடு வெளியேறினால் நீதி நிலைக்கிறது. 'நீதிபதி அவருடைய ஆள்' என்ற எண்ணத்தோடு வெளியேறினால், தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் நீதி தோற்கிறது.

அன்பளிப்பின் உரைகல்

மேற்கண்ட நெறிகளுக்கெல்லாம் அடிப்படையான உரைகல் ஒன்றை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஸகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்த அவர், கொண்டுவந்த பொருள்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதி அரசுக்குரியது என்றும், மறுபகுதி தமக்கு அன்பளிப்பாக வந்தது என்றும் கூறினார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்னும் பொருள்பட வினவினார்கள்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. முதலாவது, பொருளின் மதிப்பையோ கொடுத்தவரின் எண்ணத்தையோ அந்தக் கேள்வி ஆராயவில்லை. பதவி இல்லாதிருந்தால் இது வந்திருக்குமா என்பது ஒன்றே அளவுகோல். இரண்டாவது, அந்த மனிதரைப் பெயர் சொல்லி இழிவுபடுத்தாமல், 'நாம் அனுப்பும் அலுவலர்' என்ற பொதுச் சொல்லாலேயே நபியவர்கள் பேசினார்கள்; ஆயினும் விவகாரம் மூடிய அறைக்குள் முடிக்கப்படவில்லை. நெறியும் அதன் காரணமும் மக்கள் முன்னிலையில் கூறப்பட்டன.

சட்ட அறிஞர்கள் இவ்வளவுகோலை நுட்பமாக விரித்தனர். ஹிஜ்ரி 261இல் மறைந்த ஹனஃபி அறிஞர் கஸ்ஸாஃப் 'அதபுல் காழி' என்ற பெயரிலேயே நூல் இயற்றினார். ஹிஜ்ரி 450இல் மறைந்த ஷாஃபியீ அறிஞர் மாவர்தீயும் அதே பொருளில் விரிவான நூல் தந்தார். இம்மரபின் சட்ட நூல்கள் நண்பரின் அன்பளிப்புக்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கின்றன: கொடுப்பவர் பதவிக்கு முன்பே கொடுத்துப் பழகியவராக இருக்க வேண்டும், வழக்கமான அளவை மீறக்கூடாது, அவருக்குக் காழியின்முன் வழக்கு இருக்கக்கூடாது. விருந்திலும் இதே நுட்பம் காணப்படுகிறது. காழி வராவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய பொது விருந்துக்கு அவர் செல்லலாம். அவர் வரமாட்டார் என்றால் நடக்கவே நடக்காத விருந்து அவருக்காகவே ஏற்பாடானது, ஆதலால் அதனைத் தவிர்க்க வேண்டும்.

இந்த நுட்பத்தின் பயனை அண்மைக்கால நிகழ்வொன்றால் விளக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், செல்வந்தர் ஒருவரின் செலவில் பல்லாண்டுகளாகச் சொகுசுப் பயணங்கள் மேற்கொண்டதை 2023 ஏப்ரலில் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. அவர் தம் நெருங்கிய நண்பர், அவருக்கு நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் இல்லை, இத்தகைய விருந்தோம்பலை அறிவிக்கத் தேவையில்லை எனத் தமக்கு ஆலோசனை கூறப்பட்டது என்று நீதிபதி விடையளித்தார். 'நண்பர்' என்ற ஒரு சொல்லோடு நிற்கும் விதிக்கு இவ்விடை போதுமானதாகலாம். ஆனால் தாமஸ் பதவியேற்றது 1991இல். அந்த நட்பு மலர்ந்ததோ அதன்பின் சில ஆண்டுகள் கழித்து. பதவிக்கு முந்திய நட்பா, பிந்திய நட்பா என்ற ஃபிக்ஹு நூல்களின் கேள்வி நேரே மையத்தைத் தொடுகிறது. இந்தியாவின் 1997ஆம் ஆண்டு ஆவணத்திலும் 'நண்பர்' என்ற சொல் இந்த வரையறையின்றியே நிற்கிறது.

நெறியை நடைமுறைப்படுத்துவது யார்?

நெறி எழுதுவது எளிது. அதனை நடைமுறைப்படுத்துவதே கடினம். இந்திய அரசியலமைப்பின் 124ஆவது பிரிவு உச்ச நீதிமன்ற நீதிபதியைப் பதவி நீக்கும் வழியைக் கூறுகிறது. நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் தேவை. நீதிபதி வி. ராமசாமிக்கு எதிரான தீர்மானம் 1993 மே 11 அன்று மக்களவையில் தோற்றது. விசாரணைக் குழு அவர்மீதான குற்றச்சாட்டுகள் பலவற்றை உறுதிசெய்திருந்தும், ஆளுங்கட்சி உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்துவிட்டனர். ஆதரவாக விழுந்த 196 வாக்குகள் போதவில்லை. நீதிபதியின் ஒழுக்கம் பற்றிய கேள்விக்குக் கட்சிக் கணக்கு விடையளித்தது.

பதவி நீக்கத்திற்குரிய பெருங்குற்றத்திற்கும், பதவிக்குப் பொருந்தாத நடத்தைக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதை உச்ச நீதிமன்றமே 1995இல் ஒரு தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. அதனை நிரப்ப 1999 டிசம்பரில் உள்ளக விசாரணை நடைமுறை ஏற்கப்பட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதிமீது புகார் வந்தால், தலைமை நீதிபதி மூன்று நீதிபதிகள் கொண்ட குழுவை அமைக்கலாம். ஆனால் தலைமை நீதிபதி மீதே புகார் எழுந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் தெளிவான வழி இல்லை.

இக்குறையின் விளைவு 2019இல் வெளிப்பட்டது. அன்றைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் மீது முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு எழுப்பினார். ஏப்ரல் 20 அன்று அது குறித்துக் கூடிய சிறப்பு அமர்வில் தலைமை நீதிபதியே அமர்ந்தார். பின்னர் அமைக்கப்பட்ட உள்ளகக் குழு, குற்றச்சாட்டில் சாரமில்லை என்று முடிவு செய்தது; அதன் அறிக்கை வெளியிடப்படவில்லை. அந்த அமர்வில் தாம் இருந்திருக்கக் கூடாது என்று 2021இல் அவரே ஒப்புக்கொண்டார். அந்த முடிவின் சரி பிழையைக் கூற நமக்கு ஆதாரம் இல்லை. அந்த நிலைதான் இங்குக் கருத்தில் கொள்ளத்தக்கது: அறிக்கை மறைக்கப்பட்டமையால் குற்றஞ்சாட்டியவருக்கும் முழு நிறைவு இல்லை, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் முழு விடுதலை இல்லை.

வழக்கிலிருந்து விலகுவதும் அவ்வாறே. இந்தியாவில் அது பெரும்பாலும் அந்தந்த நீதிபதியின் மனச்சான்றுக்கே விடப்பட்டுள்ளது. விலகுவோர் பலர் காரணம் கூறுவதில்லை. காரணம் கூறுவது கடமை என்று நீதிபதி குரியன் ஜோசஃப் 2015இல் எழுதினார். ஆயினும் அது பொது விதியாகவில்லை. சொத்து விவரங்களிலும் இதே தயக்கம் தொடர்ந்தது. 2009இல் நீதிபதிகள் தம் சொத்துகளை விரும்பி வெளியிட முன்வந்தனர். பின்னர் அவ்வழக்கம் தளர்ந்தது. 2025 ஏப்ரலில் அனைவரும் வெளியிடுவதென மீண்டும் தீர்மானித்து, மே மாதத்தில் வெளியிடத் தொடங்கினர். நீதித்துறையின் பொறுப்புடைமை குறித்த மசோதா 2012இல் மக்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமல் 2014இல் காலாவதியாயிற்று.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் கீழமைக் கூட்டாட்சி நீதிபதிகளுக்கு 1973 முதலே நடத்தை விதிகள் உண்டு. உச்ச நீதிமன்றம் தனக்கென ஒன்றை 2023 நவம்பர் 13 அன்றுதான் வெளியிட்டது. ஒன்பது நீதிபதிகளும் கையொப்பமிட்டனர். மீறினால் யாரிடம் முறையிடுவது என்று அதில் சொல்லப்படவில்லை. மதிப்புமிக்க நீதிபதிகள் கொண்ட குழுவொன்று இவ்விதிகளைக் கண்காணிக்கலாம் என்று 2024 ஜூலையில் கருத்துரைத்தவர் அந்நீதிமன்றத்தின் நீதிபதி எலினா கேகன்.

ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றத்தில், ஒரு நீதிபதி நடுநிலை தவறக்கூடும் என ஆட்சேபம் எழுந்தால், அவரை விலக்கிவைத்துவிட்டு எஞ்சியவர்கள் அதனை முடிவுசெய்கின்றனர். கனடாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகாரையும் நீதித்துறைப் பேரவை விசாரிக்கிறது. அத்தகைய விசாரணை நடந்துகொண்டிருந்தபோது 2023 ஜூனில் ஒரு நீதிபதி பதவி விலகினார். இவ்விரு நாடுகளிலும் இதனால் நீதித்துறையின் சுதந்திரம் குலைந்துவிடவில்லை.

மேலே இருப்பவர் கீழே அமர்ந்த வரலாறு

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். நீதிபதிகளைக் கண்காணிக்கும் அதிகாரம் அரசின் கைக்குச் சென்றால், அரசுக்கு எதிராகத் தீர்ப்பளிப்பவரை மிரட்டும் ஆயுதமாக அது மாறாதா? நியாயமான அச்சமே இது. 1993இல் நடந்தது, அரசியல்வாதிகளின் கையில் இப்பொறுப்பு எவ்வாறு திசைமாறும் என்பதற்குச் சான்று. எனினும் அரசின் தலையீட்டை மறுப்பதற்கும், எவரது தலையீட்டையும் மறுப்பதற்கும் வேறுபாடு உண்டு.

இமாம் பைஹகீ பதிவு செய்துள்ள நிகழ்ச்சியொன்று இதற்கு வழிகாட்டுகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கும் வழக்கொன்று ஏற்பட்டது. இருவரும் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் சென்றனர். ஸைத், கலீஃபாவுக்குத் தம் அருகில் இடம் ஒதுக்கினார். அதுவே அவர் இழைத்த முதல் அநீதி என்று கூறிவிட்டு, உமர் (ரலி) எதிர்வழக்காளியோடு அமர்ந்தார். சத்தியம் செய்வதிலிருந்து கலீஃபாவுக்கு விலக்களிக்கச் சொன்னபோதும் அவர் அதனை ஏற்கவில்லை. நாட்டில் அவருக்கு மேல் எவரும் இல்லை. எனவே தமக்குக் கீழிருந்த ஒருவர்முன் அவர் அமர்ந்தார். அதனால் அவரது பதவி சிறுமைப்படவில்லை.

உச்ச நீதிமன்றத்திற்கு மேல் ஒரு மன்றம் வேண்டியதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. ஓய்வுபெற்ற நீதிபதிகளோ, சக நீதிபதிகளோ, உயர் நீதிமன்றங்களின் மூத்தவர்களோ அந்த இடத்தில் அமரலாம். தேவைப்படுவன இரண்டு: தம்மைப் பற்றிய கேள்வியைத் தாமே தீர்த்துக்கொள்ளாமை, தீர்ந்த முடிவின் காரணத்தை மக்கள் அறியச் செய்தல். முதலாவதை ஸைதின் இல்லத்திலும், இரண்டாவதை மதீனாவின் மிம்பரிலும் நம் முன்னோர் கண்டனர்.

எளியவன் ஒருவன் தன் கடைசிக் காசையும் செலவிட்டு, கடைசி நம்பிக்கையோடு ஏறும் படி உச்ச நீதிமன்றத்தின் படி. அங்கு அமர்ந்திருப்பவர் அல்லாஹ்வுக்கு அஞ்சுபவராக இருக்கலாம். அந்த அச்சம் உள்ளத்தில் இருப்பது; ஏறி வருபவன் கண்ணால் காணக்கூடியது நெறியும், அதற்குக் கட்டுப்படும் நடத்தையுமே.