கிணற்றடியில் தீர்மானமாகும் ஆரோக்கியம்

யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நாலாபுறமும் உப்புக் கடல். அப்படியிருந்தும் தீவின் சில கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. எப்படி?

மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடியில் பரவிக் கிடக்கும் கடல்நீரின் மேல், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்குதான் கனம் கூடியது. அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் தீவின் கிணறுகள் உயிர் வாழ்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபெனும், அவரை அடுத்து ஜேர்மனியின் ஹெர்ஸ்பேர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதே கணக்குப்படி, இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், நாளடைவில் அடியிலிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரும். துலாவால் அள்ளிய காலத்தில் நீர் ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. மோட்டார் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

இந்த நீரைக் காக்கும் தீர்மானங்கள் எதுவும் வைத்தியசாலையில் எடுக்கப்படுவதில்லை. ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா 16 நாட்கள் நடக்கும். நாகவிகாரைக்கும் ஆண்டு முழுவதும் யாத்திரிகர் வருகிறார்கள். அவர்களுக்கான மடமும் மலசலகூடமும் எங்கே அமையும் என்பது கட்டட அனுமதி பற்றிய விடயம். ஆனால் குழி கிணற்றுக்கு அருகே வந்தால், வெடிப்புள்ள கல்லினூடே கிருமியும் நைத்திரேற்றும் நீரில் கலக்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு மீறினால், அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். அங்கே மின்சாரத் தேவைக்காக இயங்கிய அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு அயலூர்க் கிணறுகளில் கலந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. வெளிச்சத்துக்காக எடுத்த முடிவின் விலையைக் குடிநீர் செலுத்தியது.

நல்ல முடிவும் இதே வழியில் வரும். 1995இல் மிகக் கொடிய பீடைகொல்லிகளையும், 1998இல் எண்டோசல்பானையும், 2008 முதல் பரகுவாட் முதலியவற்றையும் இலங்கை படிப்படியாகத் தடைசெய்தது. அது விவசாயத் துறையின் ஒழுங்குவிதி. ஆனால் தற்கொலைக்கு அதிகம் பயன்பட்டவை அந்த நஞ்சுகளே. இரண்டு தசாப்தங்களில் நாட்டின் தற்கொலை வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். விளைச்சல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

இந்தத் தொடர்பை உலகம் முன்பே கண்டுகொண்டது. 1988இல் அடிலெய்டில் கூடிய மாநாடு, ஆரோக்கியத்துக்கு உகந்த பொதுக் கொள்கை எல்லாத் துறைகளுக்கும் வேண்டும் என்றது. 2013இல் ஹெல்சிங்கி மாநாடு அதையே எல்லாக் கொள்கைகளிலும் சுகாதாரம் என்று வலியுறுத்தியது.

நயினாதீவுக்கு இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. தேசிய மின்வலையமைப்போடு இணையாத இத்தீவு டீசல் ஜெனரேற்றரை நம்பி இருந்தது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அறிவித்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரியஒளி, காற்று, மின்கலம் இணைந்த மின் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இதை எரிபொருள் மிச்சக் கணக்கோடு நிறுத்திவிடக்கூடாது. குறையும் புகை, தடுப்பூசிக் குளிர்ப்பெட்டிக்குத் தடையில்லாத மின்சாரம் ஆகியவையும் இலாபக் கணக்கில் ஏற வேண்டும். மின்சாரம் தாராளமானால் மோட்டார் கூடும், கிணறு உவராகும் என்பது செலவுக் கணக்கில் ஏற வேண்டும்.

வேலணைப் பிரதேச சபையாகட்டும், மின்சார சபையாகட்டும், வீதி அதிகார சபையாகட்டும், ஒரு கோப்பில் கையெழுத்திடுமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: இதனால் இங்குள்ளவர்களின் உடம்புக்கு என்ன ஆகும்? பதிலை எழுதிக் கோப்போடு சேர்க்கட்டும். அதைக் கேட்டு வாங்குவது ஊரவர்களாகிய நமது பொறுப்பு.