பதக்கம் வென்றவரின் குதிரைக்கு நாம் குறை சொல்லலாமா?



சனிக்கிழமை காலைகளில் லண்டனைச் சுற்றியுள்ள குதிரை லாயங்களில் இன்று நம் பிள்ளைகளையும் காணலாம். சிலர் பாடசாலைத் தோழியோடு ஒரு நாள் சும்மா போய், பிறகு விட மனமில்லாமல் தொடர்ந்தவர்கள். சிலர் டியூக் ஒஃப் எடின்பரோ விருதுக்கான தொண்டு மணித்தியாலங்களுக்காகச் சாணம் அள்ளப் போய், அப்படியே சவாரியும் கற்றுக்கொண்டவர்கள். குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும், சேணம் வைக்கவும், கடிவாளம் மாட்டவும் அவர்களுக்குத் தெரியும். போட்டிகளையும் விடாமல் பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. "அந்தக் குதிரையின் மூக்குப்பட்டை இவ்வளவு இறுக்கமாக இருக்கிறதே?" என்று ஒரு பிள்ளை கேட்கிறாள். "அவர் ஒலிம்பிக் வீரர், நீ சனிக்கிழமைச் சவாரிக்காரி. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று பதில் வருகிறது. பிள்ளை வாயை மூடிக்கொள்கிறாள்.

அவள் வாயை மூடியது சரியா? இதைக் கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பார்ப்போம்.

மூக்குப்பட்டை என்ன செய்கிறது?

குதிரையின் வாய்க்குள் இருக்கும் இரும்பை 'பிட்' என்பார்கள். சவாரி செய்பவரின் கை கடிவாள வார் வழியாக அந்த இரும்போடு பேசுகிறது. இரும்பு வலித்தால், அல்லது கை முரட்டுத்தனமாக இழுத்தால், குதிரை வாயைத் திறக்கும், நாக்கை வெளியே விடும், தலையை ஆட்டும். குதிரைக்குத் தெரிந்த பேச்சு அதுதான்.

மூக்கைச் சுற்றிக் கட்டும் தோல் பட்டைதான் நோஸ்பேண்ட், நம் தமிழில் மூக்குப்பட்டை. டிரெசாஜ் போட்டியில் குதிரை வாயைத் திறந்தால் மதிப்பெண் குறையும். ஆகவே பட்டையை இறுக்க ஆசை வருகிறது. இறுக்கினால் வாய் திறக்காது. வலி இருந்தாலும் அது வெளியே தெரியாது. கிராங்க் என்ற வகைப் பட்டையில் வார் ஒரு வளையத்துக்குள் போய்த் திரும்பி வரும். கப்பியைப் போல அது இழுக்கும் பலத்தைக் கூட்டிவிடும். சின்னக் கையால் இழுத்தாலும் பெரிய இறுக்கம் வந்துவிடும்.

குதிரையின் மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கூர்மையானது. பட்டை இறுகும்போது கன்னத்தின் உட்தோல் அந்த விளிம்பில் அழுந்துகிறது. குதிரை மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி, நம்மைப்போல வாயால் மூச்சு விட அதற்கு முடியாது. பட்டை மூக்கெலும்பின் கீழ்முனைக்கும் கீழே மென்மையான இடத்தில் இறுகினால் மூச்சுக்கும் தடையாகும். இதனால்தான் பழைய சவாரி ஆசிரியர்கள் "இரண்டு விரல் போக வேண்டும்" என்று சொல்லி வைத்தார்கள்.

அளந்தவர்கள் கண்டது

2017இல் வெளியான ஓர் ஆய்வில் அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் போட்டிகளுக்கு வந்த 750 குதிரைகளின் மூக்குப்பட்டைகளை அளந்தார்கள். இரண்டு விரல் போகும் அளவுக்குத் தளர்வாக இருந்தவை 7 வீதம்தான். 44 வீதத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அளக்கப்பட்டவை ஏதோ கவனிப்பாரற்ற குதிரைகள் அல்ல, போட்டிக்கு வந்த குதிரைகள்.

2016இல் அவுஸ்திரேலியாவில் 12 குதிரைகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், பட்டையை மிக இறுக்கியபோது இதயத் துடிப்பு கூடியது, கண்ணின் வெப்பநிலையும் கூடியது. குதிரைகள் மெல்லுவதும் கொட்டாவி விடுவதும் நின்றுபோயின. பட்டையைக் கழற்றியதும், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் செய்வதுபோல அவை நக்கின, கொட்டாவி விட்டன, விழுங்கின.

இரண்டு விரல் விதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. யாருடைய விரல்? பத்து வயதுப் பிள்ளையின் விரலா, லாயக்காரரின் விரலா? எந்த இடத்தில்? கன்னத்தின் ஓரத்தில் விரலை விட்டால் எப்போதும் கொஞ்சம் இடம் இருப்பதுபோலத் தோன்றும். மூக்கெலும்பின் மேல், நடுவில் விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சர்வதேசக் குதிரைச் சவாரிச் சம்மேளனம் 2025 முதல் தன் போட்டிகளில் இதற்கென்றே ஓர் அளவுகருவியைப் பயன்படுத்துகிறது. பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே 1.5 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். கருவி நுழையாவிட்டால் விதி மீறப்பட்டது என்று பொருள்.

இதைக் கவனியுங்கள். கருவி வந்த பிறகு "நீ யார் சொல்ல?" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. உலகச் சம்பியனின் குதிரைக்கும் 1.5 சென்ரிமீற்றர்தான், உள்ளூர்ப் பிள்ளையின் பொனிக்கு அளந்தாலும் 1.5 சென்ரிமீற்றர்தான்.

தேர்ச்சி வேறு, சரி வேறு

தொழில்முறைச் சவாரியாளருக்கு நம்மைவிட அதிகம் தெரியும். இதை மறுக்க முடியாது. அவர் ஒரு நாளில் எட்டுக் குதிரைகளில் ஏறுவார், நாம் வாரத்தில் ஒரு மணித்தியாலம். குதிரையின் முதுகில் சமநிலையாக இருப்பது, நேரம் பார்த்துக் கட்டளை கொடுப்பது, குதிரையின் மனநிலையை அறிவது எல்லாம் வருடக்கணக்கில் வந்த தேர்ச்சி.

ஆனால் அதே தொழில்முறையாளர் வெற்றிக்காக ஓடுகிறார். அவருடைய சம்பளம், குதிரை உரிமையாளரின் பணம், அனுசரணை எல்லாம் மதிப்பெண்ணில் தங்கியிருக்கின்றன. வாயைத் திறக்காத குதிரைக்கு மதிப்பெண் கிடைக்கும் என்றால், பட்டை ஒரு துளை கூட இறுகுவதில் ஆச்சரியமில்லை. அருகிலிருக்கும் எல்லோரும் அப்படியே செய்யும்போது அதுவே வழக்கமாகிவிடும். வழக்கமாகிவிட்டதை உள்ளே இருப்பவர் காண்பது கடினம். புதிதாக வந்தவரின் கண்ணுக்குத்தான் அது முதலில் உறுத்தும்.

பிலேயாமின் கதை ஞாயிறு பாடசாலையிலேயே நமக்குத் தெரியும். அவன் பேர்பெற்றவன், அரசன் ஆள் அனுப்பி அழைத்தவன். ஆனாலும் வழியில் நின்ற தூதனை அவன் காணவில்லை, அவனுடைய கழுதை கண்டது. அது மூன்று முறை விலகியது, மூன்று முறையும் அடி வாங்கியது. மிருகம் காரணமில்லாமல் விலகாது என்று அவன் ஒரு கணம் யோசித்திருந்தால் போதும்.

உலக அரங்கிலும் இப்படி நடந்திருக்கிறது. 2009இல் டென்மார்க்கில் ஒரு பெரிய போட்டியின் பயிற்சித் திடலில், ஒரு குதிரையின் நாக்கு நீல நிறமாகித் தொங்கியதை ஒரு சிறிய இணையத் தொலைக்காட்சி படம்பிடித்தது. பல நாடுகளிலிருந்தும் சாதாரணச் சவாரிக்காரர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2010 பெப்ரவரியில் சம்மேளனம் லொசானில் கூடி, குதிரையின் கழுத்தைப் பலாத்காரமாக வளைத்துப் பயிற்றுவிப்பதை ஏற்க முடியாது என்று அறிவித்தது. வெளியிலிருந்து குரல் எழும்பியிராவிட்டால் அந்தக் கூட்டம் அப்போது நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

தெரியாததும் உண்டு

ஆனால் காண்பதையெல்லாம் குற்றமாகச் சொல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது. ஒரு புகைப்படம் கண் இமைக்கும் நேரத்தைத்தான் பிடிக்கிறது. தடையைத் தாண்டும் நொடியில் வாய் திறந்த குதிரை, அடுத்த நொடியில் அமைதியாக ஓடியிருக்கலாம். அந்த ஒரு படத்தை வைத்து ஒருவரை வதைப்பவர் என்று எழுதுவது நீதியல்ல.

சேணம் பொருந்துகிறதா என்பது இன்னும் சிக்கலானது. உள்ளே இருக்கும் சட்டத்தின் அகலம், தோள் அசைய இடம், முதுகெலும்பின் மேல் இடைவெளி, அடியிலுள்ள பஞ்சின் நிறைவு என்று பலதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குதிரையின் முதுகும் மாறிக்கொண்டே இருக்கும். வசந்தத்தில் புல் தின்று கொழுக்கும், பயிற்சியில் தசை வைக்கும், ஓய்வில் இளைக்கும். வேலிக்கு வெளியே நின்று இதைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு மேலதிகப் பஞ்சணை தவறுபோலத் தெரிந்தாலும், மாறிவரும் முதுகுக்காக நிபுணர் சொல்லி வைத்ததாக இருக்கலாம். பிட்டும் அப்படித்தான். பார்க்க மென்மையான பிட் முரட்டுக் கையில் கொடுமையாகும்.

இன்னொன்று: பட்டை இறுக்கமும் பொருந்தாத சேணமும் தொழில்முறையாளரிடம் மட்டும் உள்ள குறையல்ல. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய பழைய சேணத்தை மூன்று குதிரைக்கும் போடுவது நம்மைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்தான். அடுத்தவன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்க்குமுன் நம் கண்ணிலுள்ள உத்திரம் நினைவுக்கு வர வேண்டும்.

எதைச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்?

அளக்கக்கூடியதை யாரும் சொல்லலாம். பட்டைக்குள் விரல் நுழையவில்லை, வாயோரத்தில் இரத்தம், வார்ப்பட்டையின் கீழ் தோல் உரிந்திருக்கிறது என்பவை அபிப்பிராயங்கள் அல்ல. டிரெசாஜ் போட்டியில் வாயில் புதிய இரத்தம் இருப்பது உறுதியானால் குதிரை வெளியேற்றப்படும், அது யாருடையதாக இருந்தாலும்.

நிபுணத்துவம் தேவையானதைக் கேள்வியாகக் கேட்கலாம். "இந்தச் சேணம் தவறு" என்பதற்குப் பதிலாக, "இந்தப் பஞ்சணை எதற்காக?" என்று கேளுங்கள். நல்ல பயிற்றுநர் சந்தோஷமாக விளக்குவார். விளக்காமல் கோபித்தால், அதுவும் ஒரு பதில்தான்.

கண்டதைச் சொல்லுங்கள், மனதை அளக்காதீர்கள். "விரல் நுழையவில்லை" என்பது நீங்கள் கண்டது. "அவருக்கு இரக்கமில்லை" என்பது நீங்கள் காணாதது.

சரிசெய்யக்கூடியவரிடம் சொல்லுங்கள். போட்டியில் அது ஸ்டூவர்ட், லாயத்தில் அதன் பொறுப்பாளர். அடுத்தவர் குதிரையின் வாரை நீங்களாகத் தளர்த்தாதீர்கள், அது உங்களுக்கும் ஆபத்து. முகமும் பெயருமாகப் படமெடுத்து வட்ஸ்அப் குழுக்களில் பரப்பினால் குதிரைக்கு ஒரு துளைகூடத் தளராது. பொறுப்பில் இருப்பவர் கேட்கவில்லையென்றால், திகதி, இடம், கண்டது ஆகியவற்றை எழுதி அடுத்த மட்டத்துக்கு முறைப்பாடாக அனுப்புங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஆசிரியரை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லியே நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாட்களுக்கு முன், பிரித்தானியாவின் மிகப் புகழ்பெற்ற டிரெசாஜ் வீராங்கனை ஷார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். பாடம் நடத்தும்போது ஒரு குதிரையின் கால்களை நீண்ட சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொளி வெளிவந்திருந்தது. தாம் செய்தது தவறென்று அவரே ஒப்புக்கொண்டார். சம்மேளனம் ஒரு வருடத் தடை விதித்தது. அந்தக் காணொளியோ சில வருடங்களுக்கு முன் எடுக்கப்பட்டது. ஒலிம்பிக் தங்கம் வென்றவரைப் பற்றி ஒரு சிறிய ஆள் வாய் திறப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த வருடங்களே சாட்சி.

உங்கள் பிள்ளை லாயத்திலிருந்து வந்து "அம்மா, அங்கே குதிரைக்கு நோகிறது" என்று சொன்னால், "கோச்சுக்குத் தெரியும், நீ பேசாமல் இரு" என்று முடித்துவிடாதீர்கள். என்ன கண்டாய், எங்கே கண்டாய் என்று கேளுங்கள். தேவையானால் அடுத்த சனிக்கிழமை நீங்களும் கூடப் போங்கள். இன்று குதிரைக்காகப் பேசப் பழகிய பிள்ளை, நாளை ஒரு மனிதருக்கு அநியாயம் நடக்கும்போதும் பேசும்.

ஆகவே சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில்: சொல்லலாம், அளவோடும் அளந்தும். வாலிபரே, அடுத்த முறை நீங்கள் ஏறப்போகும் குதிரையின் மூக்கெலும்பின் மேல், பட்டைக்கு அடியில், இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். நுழையவில்லையென்றால் ஏறுவதற்கு முன் பயிற்றுநரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தக் குதிரைக்கு அந்த நேரத்தில் உங்களைவிட அருகில் வேறு யாருமில்லை.