கடிதம் வாசிக்கும் பிள்ளைகள்

கிழக்கு லண்டனில் எமது அயலில் வாழும் தாய் ஒருவர், கடந்த மாரிகாலத்தில் தமது பதினொரு வயது மகனை அழைத்துக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் சென்றார். தந்தை இரவு வேலை முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தார். தாய்க்கு இருந்ததோ பெண்களுக்குரிய வருத்தம். இரத்தப்போக்கு பல வாரங்களாக நிற்கவில்லை. அதை மகனிடம் எவ்வாறு சொல்வது என்று அறியாமல் அவர் சுற்றிவளைத்து ஏதோ சொன்னார். சிறுவனால் அதைத் தமிழிலேயே விளங்கிக்கொள்ள முடியவில்லை. அம்மாவுக்கு வயிற்றுவலி என்று மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கூறிவிட்டான். வயிற்றுவலிக்குரிய குளிசைகள் கிடைத்தன. மூன்று வாரங்களின் பின்னர் ஓரிரவு அந்தத் தாய் மயங்கி விழ, அம்புலன்ஸ் வந்து ஏற்றிச் சென்றது.

தாய் குணமடைந்து வீடு திரும்பினார். மகன்தான் திரும்பவில்லை. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து வந்து, தாய் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுப் போவான். பாடசாலை நாட்களில் காலையில் வயிறு நோகிறது என்பான். "நான் பிழையாச் சொன்னபடியால்தான் அம்மாவுக்கு அப்பிடி வந்தது" என்பதை அவன் முதலிற் கூறியது தன் வகுப்பாசிரியையிடம். வீட்டில் எவரிடமும் கூறவில்லை.

புகலிடத்தில் வாழும் எமது குடும்பங்களுக்கு இது புதுமையான கதையன்று. வந்து சேர்ந்த ஓரிரு ஆண்டுகளுள் பிள்ளைகள் அந்நாட்டு மொழியைப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். உணவகத்திலும் எரிபொருள் நிலையத்திலும் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் பெற்றாருக்கு அந்த மொழி கைகூடுவதில்லை. ஆகவே மின்சாரக் கட்டணம், வீட்டுக்காரரின் அறிவித்தல், வைத்தியசாலைத் திகதி, வழக்கறிஞரின் கடிதம் யாவும் பிள்ளையின் கைக்கு வருகின்றன. "எல்லாம் இவன்தான் பாக்கிறது" என்று விருந்தினர் முன்னிலையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளையும் அந்தப் பெருமைக்காகவே மேலும் சுமக்கிறது.

பெற்றாரின் இடமும் பிள்ளையின் இடமும் இவ்வாறு தலைகீழாவதை, ஹங்கேரியிலிருந்து வெளியேறி அமெரிக்காவிற் பணிபுரிந்த மனநல மருத்துவர் இவான் போசோர்மேனி நாகி, ஜெரல்டின் ஸ்பார்க் என்பவருடன் இணைந்து 1973இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பிள்ளை தன் பெற்றாருக்கே பெற்றாராகிவிடும் நிலை அது. குடும்பத்துக்கு உதவுவதே பிள்ளைக்குக் கேடு என அவர் கருதவில்லை. அதன் வயதுக்கு மிஞ்சியதைக் கேட்பதும், அது கொடுப்பதை எவரும் கண்டுகொள்ளாமல் விடுவதுமே கேடாகின்றன. கடையில் விலை கேட்பதற்கும், பேருந்து நிறுத்தத்தில் அறிவித்தலை வாசிப்பதற்கும் பிள்ளையை அழைப்பதில் தவறேதுமில்லை. அதனால் அதற்குத் தன்னம்பிக்கை பிறக்கும். நோய், கடன், பொலிஸ், புகலிட வழக்கு ஆகிய நான்கும் வேறு. இவற்றைப் பிள்ளையின் வாய்வழி அனுப்பலாகாது என்பதே எமது கருத்து.

புகலிட மறுப்புக் கடிதங்களை வாசித்தவர்கள் அவற்றின் அமைப்பை அறிவர். "நீர் இன்ன திகதியில் கைதுசெய்யப்பட்டதாகக் கூறுகிறீர்", "நீர் தாக்கப்பட்டதாகக் கூறுகிறீர்" என்று விண்ணப்பதாரி சொன்னவை பந்தி பந்தியாக எடுத்துரைக்கப்பட்டு, ஈற்றில் அவை நம்பத்தகுந்தவையல்ல என முடிவு சொல்லப்படும். தந்தை தடுப்புக்காவலில் அனுபவித்ததைத் தாய்க்கே முழுமையாகச் சொல்லாத வீடுகள் எத்தனை! அங்கே பதின்மூன்று வயது மகள் அந்தக் கடிதத்தை உரத்து வாசித்து மொழிபெயர்க்கிறாள். தந்தைக்கு நேர்ந்ததையும், அதைப் பொய் என்று ஓர் அரசாங்கம் சொல்வதையும் அவள் ஒரே மாலைப்பொழுதில் அறிந்துகொள்கிறாள். அதன்பின் அவள் கணக்குப் பாடத்தில் ஏன் கவனஞ் செலுத்துவதில்லை என்று நாம் கேட்கிறோம்.

எமக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. ஆகவே எமக்கு வந்த மறுப்புக் கடிதத்தை எமது மகளை வாசிக்கவிடவில்லை; அலுமாரியில் உடுப்புகளின் அடியில் மறைத்துவைத்தோம். ஏதோ பெரிதாகப் பாதுகாத்துவிட்டதாக எமக்கு எண்ணம். அவள் அதைக் கண்டெடுத்து வாசித்துவிட்டு, எட்டு மாதங்கள் ஒரு வார்த்தையும் பேசாதிருந்தாள். அந்த எட்டு மாதங்களும் தன் பாடசாலைப் பையில் ஒரு மாற்றுடுப்பும் பற்தூரிகையும் வைத்திருந்தாள் என்பது பின்னரே தெரியவந்தது. என்றாவது ஒருநாள் வீடு திரும்பும்போது நாம் அங்கே இருக்கமாட்டோம் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். வாசிக்கவைப்பது ஒரு பிழை என்றால், மறைத்துவைப்பது மற்றொரு பிழை. பிள்ளைக்குச் செய்தி தெரியத்தான் வேண்டும். அதைக் கடிதத்தின் வாயால் அறியாமல் எமது வாயால் அறியவேண்டும்.

1938இல் வியன்னாவிலிருந்து தந்தை சிக்மண்ட் பிராய்டுடன் அகதியாக லண்டன் வந்த அன்னா பிராய்ட், இரண்டாம் உலகப் போரின்போது டொரத்தி பேர்லிங்ஹாமுடன் சேர்ந்து, ஹாம்ஸ்ரெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் இல்லங்களை நடத்தினார். குண்டுவீச்சுக்கு மத்தியிலும் தாய் அருகில் அமைதியாக இருந்தால் குழந்தை பெரும்பாலும் தாக்குப்பிடித்ததையும், குண்டுகளைவிடத் தாயைப் பிரிந்ததே அதை அதிகமாக உலுக்கியதையும் அவர்கள் கண்டனர். 1943இல் வெளியான அவர்களது நூலில் இவ்வவதானிப்புகள் உள்ளன. எமது பிள்ளைகளுள் எத்தனை பேர் தந்தையை முன்னே அனுப்பிவிட்டு, அம்மம்மாவிடமோ கொழும்பு லொட்ஜ் அறையிலோ ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, விமான நிலையத்தில் ஓர் அந்நியரை "அப்பா" என்று அழைக்கும்படி சொல்லப்பட்டவர்கள்! அவர்கள் அப்பாவின் மடியில் ஏற மறுத்தால் அது அவமரியாதையன்று. மாதங்கள் செல்லும், செல்லட்டும்.

2009இன் முதல் ஐந்து மாதங்களில் எமது வரவேற்பறைகளில் இரவுபகலாக ஓடிய வன்னிக் காட்சிகளையும் இங்கே சொல்லவேண்டும். பெரியவர்கள் அழுதுகொண்டு பார்த்தோம். பின்னால் கதிரையில் பிள்ளைகளும் இருந்தனர். எவரும் அவர்களுக்கு எதையும் விளக்கவில்லை. அன்றைய பத்து வயதினர் சிலர் இன்று இளம் பெற்றாராகி, அந்தப் படங்கள் இன்னும் கனவில் வருவதாக எம்மிடம் கூறுகின்றனர்.

சிறு பிள்ளைகள் துன்பத்தைச் சொல்லாற் சொல்வது அரிது. காரணம் காணமுடியாத வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், தாயின் சட்டையை விடாது பற்றிக்கொள்ளல், ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப மகிழ்ச்சியின்றி விளையாடுதல் என உடலாலும் நடத்தையாலுமே சொல்கின்றனர். புதிதாக வந்த பிள்ளை வகுப்பிற் சில மாதங்கள் வாய்திறவாதிருப்பது புதுமொழி கற்பதன் இயல்பான கட்டமாகவும் இருக்கலாம். வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். "விசர் எண்டு சனம் சொல்லும்" என்று அஞ்சுவோர் உளர். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டவை களிமண்ணும் வர்ணமும் கதையும் நாடகமுமே. அங்கு சென்ற பிள்ளைகளை எவரும் விசர் என்று சொல்லவில்லை.

இங்கிலாந்தில் உள்ளோர் அறியவேண்டியது ஒன்று. தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளர் பணம் செலுத்த வேண்டியதில்லை. உடனடி அவசர சிகிச்சை தவிர்ந்த வேளைகளிற் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை மொழிபெயர்க்க வைத்தல் ஏற்கத்தக்கதல்ல என்று குடும்ப மருத்துவ நிலையங்களுக்கான 2018ஆம் ஆண்டு வழிகாட்டலும் கூறுகிறது. திகதி பெறும்போதே "தமிழ் இன்ரர்பிரிற்றர் பிளீஸ்" என்ற மூன்று சொற்களைச் சொன்னாற் போதும். வரவேற்பு மேசையில் முகஞ்சுளித்தாலும் மீண்டும் சொல்லுங்கள். பெண் வேண்டுமென்றாற் பெண்ணைக் கேளுங்கள். சட்ட உதவி நிதியில் வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடமும் இவ்வாறே கேட்கலாம்.

அந்தச் சிறுவனின் வீட்டில் தாயே ஒருநாள் அவனருகில் அமர்ந்து, "பிழை உன்ர இல்லையடா, நான்தான் உனக்கு ஒழுங்காச் சொல்லேல்லை" என்றார். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவை அவர் தனியே சென்றார். தொலைபேசியில் ஒரு பெண் மொழிபெயர்த்தார். மாலையிற் பாடசாலை விட்டு வந்தவன் சப்பாத்தைக் கழற்றுமுன்னரே, "நான் இல்லாமல் என்னெண்டு கதைச்சனீங்கள்?" என்று கேட்டான். சொன்னார். சற்று நேரம் நின்றுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.